நாலடிக்கு ஒரு முட்டு

எங்கள் பக்கத்தில் கான்கிரீட் போடுகிற நாளில் ஆட்டுக்கறி போடாவிட்டால் ஆட்கள் மனசு வைத்து வேலை செய்ய மாட்டார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும், மேடம். சாப்பாட்டை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது, அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

குமாரபாளையத்தில் நாச்சிமுத்து என்பவருடைய பழைய மாடிக் கட்டடம். கீழே ஒருகாலத்தில் நூல் குடோன். மேலே மரப்பலகைத் தளம். கரையான் தின்று, கால் வைத்தால் உள்ளே வாங்கியது. சுவர்களை அப்படியே வைத்துக்கொண்டு, பலகைகளைப் பிரித்துவிட்டு, மேல்தளத்தைக் கான்கிரீட்டில் போட வேண்டும். நான் சைட் இன்ஜினியர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள். இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, கேட்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

வேலையை எடுத்தவர் தனபால் மேஸ்திரி. முப்பது வருஷ அனுபவம். என் அம்மா பெருமாயி பதினான்கு வருஷம் அவரிடம்தான் சித்தாளாகக் கலவைச் சட்டி தூக்கினாள். முட்டி தேய்ந்து இப்போது வீட்டில் இருக்கிறாள்.

ஈரக் கான்கிரீட் இறுகும் வரைக்கும் பலகை அடைப்பைக் கீழிருந்து சவுக்கு முட்டுகள்தான் தாங்கும். ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் செங்கல், அதன்மேல் ஒரு மர ஆப்பு. ஆப்பை அடித்து இறுக்கினால்தான் முட்டு பாரத்தை வாங்கும். இரண்டரை அடிக்கு ஒரு முட்டு என்று நான் வரைபடத்தில் எழுதியிருந்தேன். அவர் நாலடிக்கு ஒன்று நட்டார்.

"முட்டு பத்தாதுங்க மேஸ்திரி," என்றேன்.

"ஏம் பாப்பா, மேல கான்கிரீட் போடறமா, யானையக் கொண்டாந்து கட்டப் போறமா?"

"விழுந்தா யாருங்க பொறுப்பு?"

"நாந்தான், வேற யாரு? பாருங்கடா, சட்டி தூக்குன பெருமாயி மவ எனக்குச் சட்டம் சொல்லித் தருது."

ஆட்கள் சிரித்தார்கள். சித்தாள்களும் சிரித்தார்கள். அவர் கோபமாகச் சொல்லவில்லை, மேடம். செல்லமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். செல்லத்துக்கு என்ன பதில் சொல்வது? மூன்று நாள் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அதே சிரிப்பு.

விஷயம் ரொம்பச் சுலபமாகிவிட்டது. தளம் விழுந்தால் நான் படித்த படிப்பு சரி. நின்றுவிட்டால் நான் சாகும் வரைக்கும் பெருமாயி மவ.

கான்கிரீட் போட்ட அன்று காலையில் சமையல்காரர் மணியன் வந்து, இலையை எங்கே போடட்டும் என்று கேட்டார். வெளியே முற்றம் முழுக்க ஜல்லியும் மணலும் கலவை மெஷினும். குடோனின் பின்மூலையைக் காட்டினேன். "வெயில் படாதுங்ண்ணா, காத்தும் வரும்," என்றேன். அது பொய்யில்லை.

தனபால் மேஸ்திரிக்கு ஒரு வழக்கம். முக்கால் தளம் ஆனதும் அவர் மட்டும் கீழே இறங்கி முதல் இலையில் உட்காருவார். உப்புப் பார்க்கிறேன் என்பார். அவர் எழுந்த பிறகு ஆண்கள். வேலையெல்லாம் முடிந்து சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடைசியில் பெண்கள், மிஞ்சிய எலும்புக்கு. எந்த சைட்டிலும் இது மாறியதில்லை. வாசல் பக்கம் தொடங்கினால் பதினொரு மணிக்கு மேல் கான்கிரீட் பின்மூலைக்கு வரும். அவரும் அந்த நேரத்துக்கு அங்கே வருவார்.

எட்டு மணிக்கு மெஷினுக்குக் கற்பூரம் காட்ட எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். நான் குடோனுக்குள் இருந்தேன். பின்மூலையில் ஆறு முட்டுகள். ஆப்பைத் தட்டி எடுத்தேன், அடியிலிருந்த செங்கல்லையும் உருவினேன். மேலே ஆணி அடித்திருந்ததால் முட்டுகள் அப்படியே தொங்கின. பார்க்கிறவர்களுக்குத் தாங்குவது போலத்தான் தெரியும். கீழே மணலைக் கூட்டிவைத்தேன். உள்ளே இருட்டு வேறு. என் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் நீங்கள் எடுத்த ஆறு ஆப்புகளும் அவைதான். பிறகு வெளியே போய்க் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மேலேயிருந்து மேஸ்திரி குரல் கேட்டது.

"ஏனுங்க ராஜம்மாக்கா, பொம்பளைங்கெல்லாம் மொதல்ல போயி உக்காருங்க. போன சைட்டுல இன்ஜினியரம்மா என்னையக் கிழிச்செடுத்துருச்சு, பொம்பளைன்னா எலும்புதானான்னு. இன்னிக்கு நாங்க சட்டி தூக்கறோம்."

"ஐயோ, மேஸ்திரி சட்டி தூக்கறாராமா, போட்டோ புடிங்கடி," என்றாள் சித்தாள் ஜெஸ்ஸி.

கேட்டது உண்மைதான். போன மாதம் நான்தான் கேட்டேன். அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் நின்றார். காதில் வாங்கியிருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான்கு பேர் இறங்கி வந்தார்கள். ராஜம்மாள், ஜெஸ்ஸி, இன்னும் இரண்டு பேர். அந்த இருவர் பெயரை நான் எஃப்.ஐ.ஆரில்தான் பார்த்தேன்.

மாடிக்குப் பதினெட்டுப் படி. ஏறிப் போய் நிறுத்துங்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதோடு, கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டு விழுந்து பிற்பாடு தண்ணீர் இறங்கும். அதுவும் அப்போது மனதில் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

ராஜம்மாள் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"வா சாமி, ஏன் நின்னுக்கிட்டே இருக்கற? உங்கம்மா வந்திருந்தா எம்பக்கத்துலதான் உக்காந்திருப்பா. ஒரு வாய் சாப்புடு."

"நீங்க சாப்புடுங்க அத்தை," என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

பதினொன்று இருபதுக்கு விழுந்தது. நான் நினைத்த அளவுக்குச் சத்தமில்லை. ஈரக் கான்கிரீட் மெத்தென்றுதான் விழும். நான்கு பேரும் அடியில் போய்விட்டார்கள். மேஸ்திரி சட்டியோடு மேலேயிருந்து வந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் உங்களிடம் அழுததாகச் சொன்னீர்கள். "அந்தப் புள்ளை அப்பவே சொல்லுச்சுங்க. நாந்தான் கேக்குல. என்னையத் தூக்குல போடுங்க." இதை நீங்கள் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் வரவில்லை. ஆட்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாரா என்று உங்களைக் கேட்டேன், நினைவிருக்கும்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆப்புகளுக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பேன். நேற்று நீங்கள் நிபுணர் அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். ஐந்து அங்குலத் தளத்துக்கு நாலடிக்கு ஒரு முட்டு தாராளமாகப் போதும், ஆப்புகள் இருந்திருந்தால் தளம் நின்றிருக்கும் என்று அதில் போட்டிருக்கிறது. ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஆறு ஆப்புகளையும் எடுத்தது நான். அந்த நான்கு பெண்களைக் கொன்றது நான். மேஸ்திரிக்கு இதில் சம்பந்தமில்லை, அவரை விட்டுவிடுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்த அறிக்கை தப்பு, மேடம். ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள், கணக்கைப் போட்டே காட்டுகிறேன். நான் கை வைக்காமல் இருந்திருந்தாலும் அந்தத் தளம் விழுந்துதான் இருக்கும். என்ன, சாயங்காலம் ஆகியிருக்கும். எல்லோரும் சாப்பிட்டு வீட்டுக்குப் போன பிறகு.