நான்கு கணினிகளை ஒரே குரலில் பாட வைத்த மனோரமா அம்மையாருக்கு

எழுத்துப் பிழை கண்டால் எழுந்து நிற்கும் எங்கள் அன்னையே! பாட்டுப் பெட்டகத்தின் பழுதறியாக் காவலே! சித்தூர் தலைமைச் சபையிலும், திருப்பதி, வெதுருகுப்பம், பாலசமுத்திரம் கிளைச் சபைகளிலும் ஞாயிறு தவறாமல் திரையில் ஒளிர்ந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னே ஒளிந்திருந்த உழைப்பே! இருபத்தோராண்டு அலுவலகப் பணி நிறைத்து இன்று விடைபெறும் தங்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் கண் கலங்கிக் கைகூப்பி வாசித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் ‘தாங்கள், தாங்கள்’ என்று முகம் பார்த்துச் சொல்வதே முறை. ஆனால் ஒத்திகையில் இதை வாசித்த ரூபா, இரண்டாம் பத்தியிலேயே குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டார். ஆகவே நடுவில் கொஞ்ச தூரம் தங்களை ‘அவர்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். பொறுத்தருள வேண்டும்.

திரையும் ப்ரொஜெக்டரும் வந்த புதிதில் நம் நான்கு சபைகளிலும் பாட்டு நான்கு விதமாக இருந்தது. ‘பைனல்’, ‘நியூ பைனல்’, ‘ஒரிஜினல் பைனல்’ என்று ஒரே பாட்டுக்கு மூன்று கோப்புகள். மூன்றிலும் சரணங்கள் வேறு வேறு. எல்லாச் சபையும் கூடிய ஓர் ஆராதனையில் திருப்பதியார் மூன்றாம் சரணத்துக்குப் போக, வெதுருகுப்பத்தார் பல்லவிக்குத் திரும்ப, கீபோர்டு வாசித்த லோகேஸ்வரன் இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். மறுநாளே மனோரமா அம்மையார் ஒரு பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார். சனிக்கிழமைக்கு ஓர் ஊர் என்று முறை வைத்து, எண்ணூற்று நாற்பது பாடல்களையும் வரி வரியாக ஒப்பிட்டார். யாராவது இன்னொரு பிரதி எடுத்து வைத்தால் அதை அங்கேயே அழிப்பார். “ஒரு பாட்டுக்கு ஒரு பைல்தான். ரெண்டு இருந்தா எது நெஜம்னு எவனுக்குத் தெரியும்?” என்பார்.

இதில் பாலசமுத்திரம் தனிப் பாடு. அங்கே வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் போட்டால்தான் சனங்கள் பாட முடியும். அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவர் அம்மையாரின் கணவர் ஹரிபாபு. பஸ் ஓட்டுநர். விடுப்பு நாளில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார். தெலுங்கில் ழகரம் இல்லாததால் அதற்குப் பதில் ‘ள’ போடுவது என்பது இருவரும் வைத்துக்கொண்ட விதி. ‘ள’ வேண்டுமென்றால் ஷிப்ட் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். விட்டால் ‘ல’ விழும்.

முந்நூற்றுப் பதினேழாம் பாட்டில் ஹரிபாபு ஷிப்டை விட்டுவிட்டார். ‘கூட நடக்கும் என் வழித்துணையே’ என்பது ‘கூட நடக்கும் என் வலித்துணையே’ ஆனது.

அம்மையார் அதைக் கண்டுபிடிப்பதற்குள் பாலசமுத்திரம் ஆறு மாதம் அப்படியே பாடி முடித்திருந்தது. திருத்தப் போனவரை ஹரிபாபு தடுத்தார். “உடு மனோ. ஜனங்க பாடிக்கினு கீறாங்க. வலிக்கும் ஒரு துணை ஓணுமில்ல?”

அந்தத் தெலுங்குக் கோப்பு மற்ற மூன்று கணினிகளிலும் இருந்தது; அவற்றில் திருத்தினார். பாலசமுத்திரத்தில் இருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவர் வீட்டுக்காரருக்கு மட்டும் விலக்குத் தந்தார் என்று நாங்கள் கேலி பேசுவோம். பாலசமுத்திரத்தில் அந்த வரி வரும்போதெல்லாம், பக்கத்தில் நிற்கும் கணவர் காதில் விழும்படி, நாக்கை நன்றாக மடித்து ‘வழி’ என்று அவர் ஒருவர் மட்டும் பாடுவார். ஹரிபாபு சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் உரக்க ‘வலி’ என்பார்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் ஹரிபாபு போய்விட்டார். முகம் பார்க்கக்கூட வழியில்லாத நாட்கள் அவை. அதற்குப் பிறகு பாலசமுத்திரம் போகும் சனிக்கிழமைகளில் அம்மையார் அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பார், சேமிக்காமல் மூடுவார். சேமித்தால் ‘கடைசியாக மாற்றிய தேதி’ மாறிவிடும். அது ஹரிபாபு உட்கார்ந்து தட்டிய நாள். அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தார். இது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

தெரியாததால்தான் அந்தத் தவறு செய்தோம். அம்மையார் ஓய்வுபெறப் போகிறார், இனி யார் பஸ் ஏறுவது என்று எங்களில் ஒருவரான பிரவீன், சித்தூர் கணினியில் இருப்பதும், இனி எந்த ஊரில் மாற்றினாலும் அந்த மாற்றமும் நான்கிலும் தானாகவே வந்து விழும்படி இன்டர்நெட் வழியாக ஒரே போல்டர் அமைத்தார். பழையவற்றைத் துடைத்துவிட்டார். பதினோரு நிமிடத்தில் நான்கும் ஒன்றாயின. அம்மையார் சந்தோஷப்படுவார் என்று கைதட்டும் பொம்மை போட்டுச் செய்தி அனுப்பினோம்.

அவர் அலுவலகத்துக்கு வந்து, நிதானமாக, “பாலசமுத்திரத்து பழைய பைல் எங்கன்னா கீதா?” என்று கேட்டார். இல்லை. வேறு பிரதியும் இல்லை. பிரதிகளையெல்லாம் அழித்தவர் அவரேதான். நாற்காலியில் உட்கார்ந்து அவர் அழுதபோதுதான் ரூபா கேட்டு, விஷயம் முழுவதும் வெளியே வந்தது. பிரவீன் பதறிப்போய், “நானே திரும்ப அந்தத் தப்ப அடிச்சிடறேம்மா” என்றார்.

“நீ அடிச்சா அது உன் தப்பு நைனா. அவரோடது இல்ல. உடு, நாலும் ஒண்ணா இருக்கணும்னு நான்தான சொன்னேன்.”



போன மாதம் அவருடைய கடைசிப் பணி ஞாயிறு பாலசமுத்திரத்தில் அமைந்தது. முந்நூற்றுப் பதினேழு போடப்பட்டது. திரையில் எழுத்து சரியாக இருந்தது. அறுபது பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே ‘வலித்துணையே’ என்று பாடினார்கள். அன்று அம்மையார் ‘வழி’ என்று பாடவில்லை. பாட்டு முடிந்ததும் முன்வரிசைக் கமலம்மா நேரே அவரிடம் வந்துவிட்டார்.

“யாரோ பாட்ட கெட்த்து வச்சிக்கிறாங்கம்மா. ஹரிபாபு சார் போட்ட மாதிரி இல்ல. நீங்க கீறப்பவே சரி பண்ணிட்டு போங்க.”

அம்மையார் கணினிக்கு முன் உட்கார்ந்து தெலுங்குக் கோப்பைத் திறந்தார். பிறகு அந்த ஓர் எழுத்தை அழித்தார். ஷிப்ட் விசையைத் தொடாமல், ஒற்றை விரலால், ‘ல’ தட்டினார். பாட்டு ஒன்றென்றால் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டுமே! தமிழ்க் கோப்பையும் திறந்து ழகரத்தை எடுத்துவிட்டு லகரம் வைத்தார். சேமித்தார். ஒரே போல்டர் அல்லவா, நான்கு ஊர்க் கணினிகளிலும் அது போய் விழுந்தது.

கமலம்மா எட்டிப் பார்த்து, “இப்பதான் சரியா கீது” என்றார்.

அம்மையே! அடுத்த ஞாயிறு சித்தூரில், திருப்பதியில், வெதுருகுப்பத்தில் அந்த வரி திரையேறியது. பிரவீனின் கை மவுஸ் வரை போய்த் திரும்பி வந்தது. சபையோர் ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு நான்கு ஊரிலும் ‘வலித்துணையே’ என்று பாடினார்கள். நாங்கள் இந்த நாற்காலிகளில் இருக்கும்வரை அதில் ஒருவர் விரலும் படாது. இது உறுதி!

தங்கள் கணவர் விட்டுச்சென்ற எழுத்தைத் துடைத்து அழித்தவர்கள் நாங்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கும் இடமும் இதுதான். நோயற்று நூறாண்டு வாழுங்கள் என்று வாழ்த்த வாய் வருகிறது. அந்த வீட்டில் தனியாக நூறாண்டு என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. ஆகவே சனிக்கிழமைக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டு நாங்களே தங்கள் வீட்டுக்கு வருவோம். செல்லும் வழியிலும், சொல்லாத வலியிலும் தங்களுக்குத் துணை இருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் பிரிவால் வாடும்
நான்கு சபைகளின் அலுவலகப் பணியாளர்கள்,
சித்தூர்.