கிறிஸ்தோபர் தெருவின் மறுகரை

மாலை ஐந்தே முக்கால். கடைவீதிக்குப் பின்னால் சரிவாக இறங்கும் ஒரு தெரு. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. நடமாட்டம் என்று பார்த்தால்... ஒரு நாய்கூட இல்லை.

கதவோரம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். சொல்கிறேன்.

இது எனக்கு நடந்ததல்ல. என் அறையில் ஆறு வருஷம் தங்கியிருந்த நண்பனின் அண்ணிக்கு நடந்தது. கதை கட்டுகிற ஆள் இல்லை அவர். சட்டை நன்றாக இல்லை என்றால் போட்டிருப்பவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

அண்ணிக்கு நகராட்சியில் வேலை. ஊரின் பழைய பகுதியில் பதினோரு தெருக்களுக்குப் புனிதர்களின் பெயர். பலகைகள் துருப்பிடித்துப் போயிருந்தன. புதுப் பலகை வைக்கும்போது பெயர் வந்த காரணத்தை அடியில் இரண்டு வரி எழுத வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அண்ணி வீடு வீடாக ஏறி இறங்கினார். தச்சரான சூசையப்பரின் பெயருள்ள தெருவில் ஒரு காலத்தில் தச்சர்கள் இருந்தார்கள். செபஸ்தியார் தெரு, கொள்ளைநோய் வந்தபோது வேண்டிக்கொண்டு வைத்த பெயர். அந்தோணியார் தெருவில் நாலு வீட்டில் நாலு காரணம் சொன்னார்களாம். ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேரையும் புளுகர்கள் என்றார்களாம்.

பத்து தெரு முடிந்தது. மிச்சம் ஒன்று... கிறிஸ்தோபர் தெரு.

வழிப்போக்கர்களைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்திவிட்டவர் என்று சொல்வார்களே, அந்தப் புனிதர். ஆனால் அந்தத் தெருவில் ஆறு இல்லை, தேவாலயமும் இல்லை. காரணம் கேட்டால் கதவைச் சாத்தினார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். கடைசிக் கதவும் சாத்தப்பட்ட பிறகு அண்ணி திரும்பி நடந்தார். தெருவோரத்தில் ஒரு பையன் நின்றிருந்தான். நாலு வயது இருக்கும். இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"அக்கா, தூக்கிட்டுப் போங்க. அந்தப் பக்கம்."

தெருவின் அகலம் பதினைந்து அடிதான். வண்டி வரும் என்று பயப்படுகிறான் போல என்று நினைத்து, அண்ணி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பஞ்சு மாதிரி இருந்தான். முதல் அடி வைத்தார். இரண்டாவது அடி...

மூன்றாவதில் கணுக்கால் சில்லிட்டது.

குனிந்து பார்த்தார். காய்ந்த தார் ரோடு. ஆனால் பாதத்தைச் சுற்றி ஏதோ இழுக்கிறது. சளக்... சளக்... என்று ஒவ்வொரு அடிக்கும் சத்தம். சேற்று வாடை. ஊறிப்போன கயிற்றின் வாடை. நடுத்தெருவுக்கு வந்தபோது குளிர் முழங்காலைத் தாண்டியிருந்தது. பையன் கனக்க ஆரம்பித்தான். அரிசி மூட்டை மாதிரி... அப்புறம் அதையும் மீறி. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது.

கீழே விட்டுவிடலாம் என்று கை தளர்ந்தது. அப்போது பையன் காதோரம் மெதுவாகச் சொன்னான்.

"இங்கதான்க்கா ஆழம்."

அண்ணி விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. கால் எதிர்ப்பக்கப் படியில் இடித்ததும் குளிர் நின்றுவிட்டது. அங்கே ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் வெளியே வந்து பையனை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. அண்ணியின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"சின்னவன் எங்க?"

அண்ணி திரும்பினார். எதிர்க்கரையில், அதே இடத்தில், இன்னும் சிறியவனாக ஒருவன். இரண்டு கையையும் மேலே தூக்கியபடி.

எப்படியாவது அங்கிருந்து போனால் போதும். "இதோ... கூட்டிட்டு வரேன்" என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அவன் கையை இறக்கிக்கொண்டான். அண்ணி தெருவின் மேற்குக் கோடிவரை ஓரமாகவே ஓடி, அப்படியே வீடு வந்து சேர்ந்தார். செருப்பு காய்ந்துதான் இருந்தது. தொடைவரை தோல் மட்டும், ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது.

மறுநாள் நல்ல வெயிலில், தெருமுனையில் சாவி செய்கிறவரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் அரத்தைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார். அங்கே முன்பு ஓடை ஓடியது. பாலம் கிடையாது. ஆட்களைத் தோளில் சுமந்து கடத்த ஒருத்தன் இருந்தான். ஒரு மழை நாளில் அண்ணன் தம்பி இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். சின்னவனிடம், 'இங்கேயே நில், திரும்பி வருகிறேன்' என்று சொல்லிவிட்டுச் சுமக்கிறவன் பெரியவனோடு இறங்கினான். நடுவில் வெள்ளம் வந்து இரண்டு பேரையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. சின்னவன் சொன்ன சொல்லை நம்பி நகராமல் நின்றான். தண்ணீர் ஏறி வந்தது... அவன் நின்றான். பிறகுதான் ஊர்க்காரர்கள் அந்தப் புனிதரின் பெயரை வைத்தார்கள். அவராவது வந்து தூக்கிக்கொண்டு போகட்டும் என்று.

"பெரியவனை நிறையப் பேர் தூக்கியிருக்காங்கம்மா. சின்னவன்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"கூட்டிட்டு வரேன்னு சொன்னேன்."

அரம் நின்றது.

"சொல்லியிருக்கக் கூடாதும்மா."

பலகையில் பெயர் மட்டும் போட்டார்கள். கீழே இரண்டு வரிக்கான இடம் காலி. அண்ணி வேலையை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஓடையோ குளமோ இல்லாத ஊர். நாலாவது மாடியில் வீடு. அவரும் என் நண்பனின் அண்ணனும் மட்டும்தான். பிள்ளைகள் கிடையாது.

போன வருஷ மழையில் காவலாளி கேட்டாராம். "உங்க வீட்டுப் பிள்ளையா, வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்குது?" அடுத்த மழைக்கு முதல் மாடி அம்மா, தன் வாசலில் நிற்பது யார் பிள்ளை என்று கேட்டார்.

போன வாரம் மழை பெய்ததே... அன்றைக்கு மூன்றாவது மாடிக்காரர் வந்து அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"படியில ஒரு குழந்தை உக்காந்திருக்கு. அக்கா வீட்டுக்கு இன்னும் எத்தனை படின்னு கேக்குது. நான் எண்ணிச் சொல்லிட்டேன்."