அவர் போடுகிற ஊசி

குன்னூரிலிருந்து அருவங்காடு போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் சின்னதாக ஒரு பிளாஸ்க். ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டு பேரும் ஊசி போட்டா நாய் செத்துப் போயிருமுங்க. அதனால இப்ப நான் போடறதில்லை."

"நாய்க்கு என்ன ஊசிங்கக்கா?"

"சர்க்கரைக்குத்தான். காலையிலயும் சாயங்காலமும் சோறு வெச்சதும் போடோணும். எப்பவும் எங்க ஊட்டுக்காரருதான் போடுவாரு."

"அவருதான் போன மழையில தவறிட்டாருங்களே?"

"ஆமா. அப்புறம் நாந்தான் போட்டுட்டு இருந்தேன். இப்பக் கொஞ்ச நாளா, ஃபேக்டரி சங்கு ஊதுனதும் நாய் அவரு உக்கார்ற சேருகிட்டப் போயி நிக்குது. முதுகுத் தோலு தன்னால மடிஞ்சு மேல வருதுங்க, அவரு ரெண்டு வெரல்ல புடிக்கற மாதிரியே. அப்புறம் வாலை ஆட்டிக்கிட்டு வந்து படுத்துக்குது."

இளையவள் பிளாஸ்க்கைப் பார்த்தாள்.

"நீங்க போடாம விட்டா சர்க்கரை ஏறிராதுங்களா?"

"இன்னைக்குக் காலையில டாக்டரு ஊட்டுக்கே வந்து நாய்க்கு ரத்தம் எடுத்துப் பாத்தாரு. சரியா இருக்குதாம்."

"அப்ப பிளாஸ்க்குல என்னங்கக்கா?"

"புது மருந்து. ஐஸ் போட்டு எடுத்துட்டுப் போறேன். பழைய பாட்டிலை நான் தொடவே இல்லைங்க, தீந்து போச்சு."