துட்டி வீட்டில் டிவி ஓடியதா என்பது பற்றி

என் பெயர் காத்தமுத்து, வயது 46, தகப்பனார் பெயர் வெள்ளைச்சாமி, காலமாகிவிட்டார். திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருந்து வாடகை வேன் ஓட்டி வருகிறேன். நாளை என் தகப்பனாருக்குக் கருமாதி. கருமாதியன்று என் மனைவி பெருமாயியின் அண்ணன் அழகுராசா எனக்கு உருமா கட்ட வேண்டும். மச்சான் கையால் அந்தத் தலைப்பாகை ஏறாமல் சாவுத் துட்டி கழியாது, சொந்தபந்தத்தில் தலைகாட்டவும் முடியாது.

கருமாதி முடியும்வரை துட்டி வீட்டில் டிவி போடக்கூடாது என்பதால், தகப்பனார் காலமான அன்றே அதை ரிமோட்டில் அமர்த்தி, வேட்டியால் மூடிவிட்டோம். அதன் பிறகு யாரும் தொடவில்லை.

இன்று காலை மச்சான் சின்னாளப்பட்டியிலிருந்து நாளைச் சாப்பாட்டு வெஞ்சனத்துக்கு வாழைக்காயும் பூசணிக்காயும் எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் கொடுத்த தண்ணீரைக்கூட வாங்காமல் டிவியையே பார்த்தார். வேட்டிக்குள் சிவப்பு விளக்கு தெரிந்தது. "ஏத்தா பெருமாயி, மாமாவுக்குக் கருமாதி முடியல, அதுக்குள்ள ஒனக்கு நாடகம் கேக்குதா?" என்றார். "வேட்டியப் போட்டு மூடிட்டு யாருண்ணே நாடகம் பாப்பா? அது ஆஃப்லதான் இருக்கு" என்று பெருமாயி சொன்னாள். "ஆஃப்ல இருக்கதுக்கு எதுக்கு வெளக்கு எரியுது?" என்றார்.

அதன் பிறகு நான், ரிமோட்டில் அமர்த்தினால் டிவி தூங்கும், சாகாது, சுவரில் உள்ள சுவிட்சை அமர்த்தும்வரை கொஞ்சம் கரண்டு குடித்துக்கொண்டுதான் இருக்கும் என்று விளக்கினேன். துட்டி வீட்டில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மச்சான், "அப்ப இம்புட்டு நாளும் ஓடித்தான் இருக்கு மாப்ள. நான் உருமா கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பெருமாயி மாமனாருக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள்.

அதன் பிறகு மச்சான், "நான் அமத்துறேன் பாரு" என்று சுவிட்சைத் தொடாமல் வயரைப் பிடித்து இழுத்தார். பிளக் பக்கத்தில் வயர் வெடித்து நான் டேப் சுற்றி வைத்திருந்த இடம் அது. கரண்டு பிடித்துக்கொண்டது. உடம்பு உதறியதே தவிர கையை எடுக்க முடியவில்லை. சுவிட்ச் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவரைத் தொடப்போன பெருமாயியைத் தள்ளிவிட்டு, காய்ந்த மூங்கிலில் செய்த ஒட்டடைக் கம்பை எடுத்து அவர் முழங்கையில் ஓங்கி அடித்தேன். வயர் கையைவிட்டுப் போனது. மச்சான் கீழே விழுந்தார். நான் சுவிட்சை அமர்த்தினேன். இன்னொரு துட்டி விழுந்துவிட்டது என்றே பயந்துபோனேன்.

மச்சான் கொடுத்த புகாரில் இரண்டு அடி என்று இருக்கிறதே என்று ஏட்டையா கேட்பதால் சொல்கிறேன். மச்சான் கண்ணைத் திறந்ததும் தண்ணீர் கேட்கவில்லை, தான் உயிரோடு இருக்கிறோமா என்றும் கேட்கவில்லை. "பாத்தியா மாப்ள, கரண்டு அடிச்சுச்சுல்ல? அப்ப டிவி ஓடித்தான இருந்திருக்கு" என்றார். இரண்டாவது அடி அதற்கு. அப்போது கரண்டு இல்லை.

இதுவரை எழுதியதை ஏட்டையா உரக்கப் படித்தபோது, முழங்கையில் கட்டுடன் ஸ்டேஷன் வெளிப் பெஞ்சில் இருந்த மச்சான் எட்டிப் பார்த்து, "ரெண்டாவது அடி எழுத்துல ஏறிருச்சா?" என்று கேட்டார். ஏறிவிட்டது என்று ஏட்டையா சொன்னார். "அப்பச் சரி. ஒத்தக் கையிலயாச்சும் நாளைக்கு உருமா கட்டிவிட்டுர்றேன்" என்றார்.

படித்துக் காட்டக் கேட்டேன். இரண்டாவது அடி உட்பட எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
வெ. காத்தமுத்து