ஒர்னெல்லா வெட்டாத வரிசை

ஒரு சின்ன சம்பவம் சொல்றேன், கேளுங்க. கதைன்னே வச்சுக்குங்க.

என் மக பூங்கோதை இத்தாலியில படிக்கிறா. போன செப்டம்பர்ல அவ வகுப்புல பன்னெண்டு பேரை ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போயிருக்காங்க. தோட்டக்காரம்மா பேரு ஒர்னெல்லா. ஐம்பது வயசு இருக்கும். மலைச்சரிவுல வரிசை வரிசையா கொடி... எல்லாத்தையும் நடந்து நடந்து காமிச்சாங்க.

மத்தியானம் சாப்பாடு. எல்லாருக்கும் கறி, எல்லாருக்கும் ஒயின். நம்ம பொண்ணு ரெண்டையும் தொடமாட்டா. ரொட்டியைப் பிச்சுப் பிச்சு தின்னுட்டிருக்கா. அந்தம்மா பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. எந்திரிச்சு உள்ள போயி, கத்திரிக்காயும் தக்காளியும் வதக்கி ஒரு தட்டு... பக்கத்துல அப்பவே பிழிஞ்ச திராட்சைச் சாறு. இவளைப் பாத்து ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு. யாருங்க செய்வா?

சாயங்காலம் பஸ் வந்துடுச்சு. கிளம்பணும். நம்ம வீட்ல வெறுமனே "போறேன்"னு சொன்னா விடுவாங்களா? "போயிட்டு வரேன்னு சொல்லு"ன்னு அதட்டுவாங்கல்ல? அந்தப் பழக்கம். புதுசா கத்துக்கிட்ட இத்தாலி பாஷையில அப்படியே சொல்லிட்டா. "வாதோ ஏ தோர்னோ." போறேன், திரும்பி வரேன்.

அந்தம்மா கேட்டாங்க... "எப்போ?"

நம்மள யாராவது அப்படி கேட்டிருக்காங்களா? இவ முழிச்சா. "சீக்கிரமே"ன்னா.

அந்தம்மா கடைசி வரிசையைக் காட்டி, "அப்போ இதை உனக்காக விட்டு வைக்கட்டுமா? வந்து நீயே குலை வெட்டறியா?" நம்ம தலைதான் யார் என்ன கேட்டாலும் ஆடுமே... ஆட்டிட்டா. பஸ் ஏறிட்டா. மறந்துட்டா.

மூணு வாரம் கழிச்சு வாத்தியார் கூப்பிட்டார். "ஒர்னெல்லா போன் பண்ணாங்கம்மா. தோட்டம் முழுக்க வெட்டியாச்சாம், உன் வரிசை மட்டும் நிக்குதாம். வெள்ளிக்கிழமை மழையாம். நீ எப்போ வர்றேன்னு கேக்கறாங்க."

"சார்... அது எங்க ஊர்ல கிளம்பும்போது சும்மா சொல்றது சார்."

"அது அவங்களுக்குத் தெரியாதே."

மழை பட்டா பழுத்த பழம் வெடிச்சு அழுகிடும். ஒரு வருஷ உழைப்பு, இவ வார்த்தையை நம்பி கொடியில தொங்குது. வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிச்சா. கூட அவ வகுப்புல மூணு பேர். நாள் முழுக்க வெட்டினாங்க. கடைசிக் கூடையைக் கொட்டகைக்குள்ள வைக்கவும், ஒருநாள் முந்தியே தூறல் விழவும் சரியா இருந்துச்சு.

இவளுக்கு மனசு உறுத்துச்சு. உண்மையைச் சொல்லிட்டா. "மன்னிச்சுடுங்க. எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவோம்."

அந்தம்மா சிரிச்சுட்டே கேட்டாங்களாம்... "அப்படியா? அப்போ நிஜமாவே திரும்பி வரதா இருந்தா, உங்க ஊர்ல என்ன சொல்லுவீங்க?"

"எனக்கு பதில் தெரியலப்பா"ன்னு போன்ல அழுதா. எனக்கும் தெரியல. உங்கள்ல யாருக்காவது தெரியுமா?

இதை ஏன் இந்த மேடையில சொல்றேன்? இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால, இதே கல்லூரி விடுதி வாசல்ல நானும் சொன்னேன். சமையல் பண்ண சிட்டம்மா அக்காகிட்ட. எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ, முந்நூறு பேருக்கு ஆக்கிட்டு எனக்குன்னு ஒரு மாசம் தனியா ஆக்கிப் போட்டவங்க. "போயிட்டு வரேங்க்கா"ன்னேன். அவங்க எப்போன்னு கேக்கல. கேக்காததால நான் இத்தனை வருஷம் தப்பிச்சுட்டேன்.

இங்க உக்காந்திருக்கற பழைய மாணவர்கள் எல்லாரும் யார்கிட்டயோ அப்படி சொல்லிட்டுத்தான் போயிருக்கோம். நமக்காக ஒருத்தர் ஒரு வரிசையை வெட்டாம விட்டு வச்சிருப்பாங்க... போய்ப் பாத்தாத்தானே தெரியும்? நன்றின்னா என்னங்க? திரும்பிப் போய் அவங்க முன்னால நிக்கிறதுதான். மழைக்கு முன்னால போயிடுங்க.

மூணாவது வரிசையில, ஓரமா உக்காந்திருக்கீங்களே... அக்கா...

வந்துட்டேங்க்கா.