பூந்தமல்லிப் பேய்க்கணவாய்

மே மாத மதியம். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் வேனில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். கண்ணாடி போட்ட அக்கா செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவளின் காலடியில் மூன்று பெரிய பைகள்.

"இந்த ஆக்டோபஸ்ல சிலது, கரையோரம் தண்ணி சூடாச்சுன்னா ஜில்லுனு கீற ஆழத்துக்குப் போயிடுமாம். சூடு தணிஞ்சா திரும்பி வருமாம்," என்றார் அக்கா.

"ஆக்டோபஸ்னா?"

"மீன்காரங்க பேய்க்கணவாய்னு சொல்வாங்களே, எட்டு கையோட. அதான்."

"அது எங்க ஊட்டுக்கே வருதுக்கா. என் நாத்தனாரு. வெயில் ஏறினா போதும், எங்க ஏசி ரூம்ல வந்து உக்காந்துக்கும். ரிமோட்ட மடியிலயே வெச்சுக்கும். மழ வந்தாதான் நவுரும். போவசொல்ல எட்டு கையாலயும் அள்ளிகினு போவும்."

"இப்ப வந்துகீதா?"

"நேத்தே வந்துடுச்சு."

"அப்ப நீ எங்க கெளம்பிட்ட?"

"பூந்தமல்லில எங்க அண்ணன் ஊட்டுக்கு. போன மாசந்தான் ஏசி போட்டுகீறாரு. மழ வர்ற வரைக்கும் அங்கதான்."

"உங்க அண்ணி ஒண்ணும் சொல்லாதா?"

"அது இன்னா சொல்றது? எங்க அண்ணன் ஊடு."

அக்கா செல்போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பூந்தமல்லியில் வேன் நின்றது. இரண்டு பைகளோடு இறங்கியவள் மூன்றாவது பைக்காகத் திரும்பினாள்.

"யக்கா, அதக் கொஞ்சம் எடுத்துக் குடேன். கை பத்தல."

"உனக்கேவா?" என்றபடி அக்கா பையை நீட்டினார்.