பெருச்சாளிக்கு மரியாதை

ஸ்ரீரங்கத்திலிருந்து மெயின்கார்டு கேட் போகிற மூக்கு நீண்ட பஸ் அது. காவிரிப் பாலத்தில் ஏறியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த இளம்பெண் சொன்னாள்: "மறுபடியும் ஈரம் பண்ணிட்டீங்களா? வெக்கமா இல்லீங்களா?"

எட்டிப் பார்த்தேன். அவள் மடியில் இருந்தது ஒரு கைக்குழந்தை.

பக்கத்தில் வாழையிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாளுக்கும் பொறுக்கவில்லை.

"பச்சப் புள்ளையப் போயி வாங்க போங்கங்கறியேம்மா?"

"மாமனார் பேரை வெச்சிருக்குக்கா. வாடா போடான்னா அவரையே சொன்ன மாதிரியாம். பேரையும் நான் சொல்லக் கூடாது."

"அப்ப எப்படித்தான் திட்டுவே?"

"அதுக்குத்தான் பெருச்சாளின்னு ஒரு செல்லப் பேரு வெச்சேன். நாலு பேர் முன்னால மரியாதை, வீட்டுக்குள்ள பெருச்சாளி. அந்தப் பேரைச் சொல்லி என்ன வேணா திட்டிக்கன்னு மாமனாரே சொல்லிட்டாரு."

நான் பேப்பர் படிக்கிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னன்னு திட்டுவே?"

"நேத்து கூடத்துல நின்னு சத்தமா கேட்டேன். 'ஏ பெருச்சாளி, விருந்தாளிக்கு வெச்சிருந்த வடையை எல்லாம் தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்திருக்கியா'ன்னு."

அந்த அம்மாள் குழந்தையின் வாயைப் பார்த்தாள். "பல்லே முளைக்கலியே. இது எங்கம்மா வடை திங்கும்?"

"இது திங்காதுக்கா." அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "காலைல மாமனார் கூப்பிட்டு, செல்லப் பேரை மாத்தச் சொல்லிட்டாரு."